இறுகிப்போன பால் ஜாயின்ட்டை ஏ-ஆர்ம் கெடாமல் கழற்றுவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் உங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பழைய ஏடிவி (கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கரச் சிறு வண்டி) ஒன்று இருக்கிறது. கோடையில் காட்டுப் பாதைகளிலும், குளிர்காலத்தில் வாசல் பாதையில் பனி தள்ளவும் அதைப் பயன்படுத்துகிறீர்கள். முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கியதால் இரு பக்கக் கீழ் பால் ஜாயின்ட்டுகளையும் நீங்களே மாற்ற முனைந்தீர்கள். (வண்டியிலிருந்து சக்கரத்துக்கு நீளும் ஏ-ஆர்ம் என்னும் கையையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்னும் பாகத்தையும் இணைக்கும் பந்து மூட்டுதான் பால் ஜாயின்ட்; அதிலிருந்து நீளும் மரையுள்ள தண்டு ஸ்டட்.) இடது பக்கம் நட்டைக் கழற்றிய பிறகும் ஸ்டட் நக்கிளை விட்டு வரவில்லை; அதன் முனையைச் சுத்தியலால் அடித்ததில் மரை நசுங்கிவிட்டது. வலது பக்கம் ஸ்டட் வந்துவிட்டது, ஆனால் ஜாயின்ட்டின் உடல் ஏ-ஆர்மின் வளையத்திலிருந்து நகர மறுக்கிறது. அதை அழுத்தித் தள்ள இரவல் வாங்கிய சி வடிவப் பிரஸ்ஸின் சட்டமே விரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டீர்கள். இனி வேண்டியது பெரிய சுத்தியலா, நெருப்பா, வொர்க்‌ஷாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் விரிந்ததும் நிறுத்தினீர்களே, அது நல்ல முடிவு. நான் ஃபிட்டர் பயிற்சி பெற்றவன். பண்ணை இயந்திரங்களும் ஏடிவிகளும் வருகிற பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். கெட்டுப்போன ஏ-ஆர்ம்களை எங்களிடம் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தாதவர்கள். உங்கள் இரு பக்கச் சிக்கல்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் வெவ்வேறு பூட்டுகள். இடது பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பது கூம்பு. வலது பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பது இறுக்கிச் செருகிய உருளையும் அதைச் சுற்றிய துருவும், ஒருவேளை நீங்கள் காணாத ஒரு சர்க்ளிப்பும் (காடி என்னும் பள்ளக் கோட்டில் அமர்ந்து ஜாயின்ட்டை நழுவாமல் நிறுத்தும் வில் வளையம்). ஒன்றைத் திறக்கும் வழி மற்றொன்றைத் திறக்காது. எது பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பலத்தைக் கூட்ட வேண்டும். பால் ஜாயின்ட் குப்பைக்குப் போகப்போகிற பொருள், ஏ-ஆர்மும் நக்கிளும் வண்டியில் இருக்கப்போகிற பொருள்கள் என்பதையும் வேலை முழுவதும் மனத்தில் வைத்திருங்கள். அடியும் வெட்டும் முதலில் குப்பைக்குப் போவதன்மீது விழட்டும். வளையத்தையும் நக்கிளையும் தட்ட வேண்டிய இடங்களில் அதற்கான அளவோடும் இடமறிந்தும் தட்ட வேண்டும்.

இடது பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்டட்டின் நடுப்பகுதி நேரான உருளை அன்று. அது ஒரு கூம்பு. வாகனங்களில் பரவலாகக் காணப்படும் சரிவுகள் எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்பவை. அதாவது எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறையும். அச்சோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு பக்கச் சரிவும் மூன்று முதல் மூன்றரை பாகை மட்டுமே. உலர்ந்த எஃகு எஃகின்மீது நழுவத் தொடங்குவதற்குக் குறைந்தது எட்டு பாகைச் சரிவாவது வேண்டும். சரிவு அந்தக் கோணத்தைவிடச் சிறிதாக இருக்கிற எந்தக் கூம்பும், இறுக்கிய நட்டைக் கழற்றிய பின்பும் தன் உராய்விலேயே நின்றுவிடும். கடைசல் எந்திரமான லேத்தின் பின்தாங்கியில் (டெயில்ஸ்டாக்) துளையிடும் அலகைப் பிடிக்கும் டிரில் சக் திருகோ நட்டோ இல்லாமல் நிற்பது இதனால்தான். ஆகவே உங்கள் ஸ்டட் வராமல் நின்றது துருவினால் மட்டும் அன்று. நிற்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. துரு அந்தப் பிடியைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டட்டின் முனையில் அடிப்பது ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். அடியின் திசை சரிதான். ஆனால் ஏ-ஆர்ம் அந்தரத்தில் வில்போல் அசைகிறது. அடியின் ஒரு பங்கு அந்த அசைவில் போகிறது, இன்னொரு பங்கு மென்மையான மரையை நசுக்குவதில் போகிறது, கூம்பின் பரப்பை எட்டுவது மிகக் குறைவு. அடி விழ வேண்டிய இடம் நக்கிளின் பக்கவாட்டில், கூம்புத் துளையைச் சுற்றியுள்ள தடித்த வளையத்தில். அங்கே கூர்மையாக ஓர் அடி விழும்போது வட்டத் துளை ஒரு கணம் நீள்வட்டமாக நெளிகிறது. அந்தக் கணத்தில் கூம்பின் பிடி விடுகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ சுத்தியலால் ஒரு பக்கம் அடிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் அதைவிடக் கனமான சம்மட்டி ஒன்றை ஒட்டிப் பிடித்தால் அடி வீணாகாது. பத்து மெல்லிய தட்டல்களைவிட, துளையின் நடு உயரத்தில் நேராக விழும் இரண்டு உறுதியான அடிகள் மேல்.

அடிக்கும் முன் கூம்பின்மீது ஓர் இழுவிசை காத்திருக்க வேண்டும். இதற்கு இரண்டு கால்களும் நடுத் திருகும் உள்ள பால் ஜாயின்ட் புல்லர் சிறந்தது. உங்கள் ஸ்டட் முனை நசுங்கியிருப்பதால், முதலில் உலோகம் தேய்க்கும் கிரைண்டரால் அதைத் தட்டையாகத் தேய்த்து, நடுவில் சென்டர் பஞ்ச்சால் சிறு குழி வையுங்கள். அப்போதுதான் புல்லரின் திருகு வழுக்காது. புல்லரைக் கையால் உறுதியாக இறுக்கியபின் நக்கிளின் பக்கவாட்டில் அடியுங்கள். வரவில்லையென்றால் கால் சுற்று இறுக்கி மீண்டும் அடியுங்கள். விடுபடும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்கும். கேட்டுப் பழகாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்தக் கணத்தில் ஆர்ம் துள்ளும் என்பதால் அடியில் ஜாக்கை வைத்துத் தாங்குங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் முன்னதாகக் கழற்றிவிடுவது நல்லது. மரை சரியாக இருந்தால் நட்டை மூன்று நான்கு சுற்று திருப்பி ஏற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். அது ஸ்டட்டையும் உங்கள் கால் விரல்களையும் காப்பாற்றும். உங்கள் மரையின் முதல் சில சுற்றுகளை அரத்தால் சீர்செய்து நட்டு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஆர்மையும் நக்கிளையும் ஒரு பட்டையால் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நக்கிளில் காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அது அலுமினியம். மேலே சொன்ன சுத்தியல் முறை அதற்கு ஆகாது. அலுமினிய வார்ப்பில் அடித்த இடம் குழிவதோடு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் விழலாம். அதற்குப் புல்லரின் இழுவிசையும் மிதமான சூடும்தான் வழி. ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே ஆப்புபோல் அடித்துச் செருகும் கவட்டை வடிவ ஃபோர்க்கைப் பொறுத்தவரை, ஜாயின்ட்டை எறியப்போவதால் ரப்பர் உறை கிழிவதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஏடிவியில் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடைவெளி குறைவு, ஆப்பு முழுவதும் உள்ளே போவதற்குள் அது எதையாவது கீறிவிடுகிறது. நான் அதைக் கையில் எடுத்து நெடுநாளாகிறது.

இதைப் படிக்கும் வேறு சிலருடைய வண்டியில் கூம்பே இருக்காது. நேரான ஸ்டட் நக்கிளின் பிளவுபட்ட கழுத்துக்குள் போய், குறுக்கே ஒரு போல்ட் அந்தக் கழுத்தை இறுக்கியிருக்கும். அந்த போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். அது ஸ்டட்டில் வெட்டியுள்ள காடியில் உட்கார்ந்திருக்கிறது. எடுத்தபின்னும் ஸ்டட் வராவிட்டால், பிளவில் ஒரு சிறு எஃகுத் தகட்டை வைத்து, போல்ட்டை மரையுள்ள பக்கத்திலிருந்து திருப்பிச் செலுத்தினால் அதன் முனை தகட்டில் முட்டிப் பிளவை மயிரளவு விரிக்கும். மயிரளவு போதும், உளியை அடித்து விரித்தால் கழுத்து வெடிக்கும்.

இப்போது வலது பக்கம். பிரஸ்ஸின் சட்டம் விரிந்தது என்று படித்ததும் எனக்கு எழுந்த முதல் ஐயம் சர்க்ளிப்பைப் பற்றியது. ஜாயின்ட்டின் உடலை வளையத்தில் நிறுத்த, இறுக்கமான செருகலோடு ஒரு சர்க்ளிப்பையும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுச் சேறும் துருவும் அதன் காடியை நிரப்பி, வளையமும் ஜாயின்ட்டும் ஒரே வார்ப்புபோல் தோன்றும்படி மூடிவிடும். கம்பித் தூரிகையால் இருபுறமும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு கூரான ஊசியால் விளிம்பைச் சுற்றிக் கீறிப் பாருங்கள். ஊசி ஒரு காடியில் விழுந்தால் அங்கே கிளிப் இருக்கிறது. அதன் காதுகள் துருவில் உதிர்ந்திருந்தால் இடுக்கியால் பயனில்லை. ஒரு முனையை மெல்லிய பஞ்ச்சால் தட்டி உயர்த்தி, சிறிய திருப்புளியால் சுற்றிவர நெம்பி எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். உடைந்த கிளிப்பின் ஒரு துண்டு காடியில் மிஞ்சியிருந்தாலும் ஜாயின்ட் வராது என்பதால், எடுத்த துண்டுகளை ஒன்றுசேர்த்து வட்டம் நிறைகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

அடுத்து, எந்தப் பக்கமாகத் தள்ளினீர்கள் என்பது. ஜாயின்ட்டின் உடலில் ஒரு பக்கம் விளிம்பு இருக்கும். அது வளையத்தின் முகத்தில் முட்டி நிற்கும். விளிம்பு இருக்கும் பக்கமாகத்தான் ஜாயின்ட் வெளியேறும். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் இருபது டன் பிரஸ்ஸும் வளையத்தை முறிக்குமே தவிர ஜாயின்ட்டை நகர்த்தாது. புதிய ஜாயின்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பு எங்கே, காடி எங்கே என்று பழையதோடு ஒப்பிட்டால் ஐயமே இருக்காது. வாங்கிய பெட்டியை வேலை முடிவில் திறக்காமல் தொடக்கத்திலேயே திறங்கள்.

சர்க்ளிப்புக்குப் பதிலாகத் திருகுகளால் பிடித்த தகடு இருக்கும் வண்டிகளும் உண்டு. போலாரிஸ் நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ்மேன் வகைகள் சிலவற்றில் ஜாயின்ட் நக்கிளுக்குள் அமர்ந்து அத்தகைய தகட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகுகளின் மரையில் பூட்டுப் பசை தடவப்பட்டிருக்கும். கடினவகைச் சிவப்புப் பசை இளகுவதற்கு ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். சூடாக்காமல் திருகினால் நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலையின் பள்ளம் உருண்டுவிடும். அதன்பின் தலையைத் துளையிட்டு எடுப்பதே வழி. திருகின் தலையில் மட்டும் சிறு சுடரைக் காட்டி, பள்ளத்திலுள்ள மண்ணைச் சுரண்டிவிட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள்.

கிளிப்பும் எடுத்தாயிற்று, திசையும் சரி, இன்னும் வரவில்லை என்றால்தான் துரு உண்மையான எதிரி. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் கேட்கிறது. ஏற்கெனவே இறுக்கமாகச் செருகிய இரு பரப்புகளுக்கிடையே அது வளர்ந்தால் ஆப்பு அடித்ததுபோல்தான். உங்கள் பகுதியில் குளிர்காலச் சாலையில் உப்பு, கோடையில் சரளைச் சாலையின் புழுதியை அடக்கக் கால்சியம் குளோரைடு என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் உப்பு இருக்கிறது. ஏடிவி அந்தச் சாலைகளில் ஓடாவிட்டாலும், டிரெய்லரில் பின்னால் வரும்போது அந்த நீர் அதன் அடிப்பகுதியில் தெளிக்கிறது.

துருவைத் துளைத்துப் போகும் எண்ணெய்களைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். மரைகளில் அவை உதவுகின்றன. அதிலும் இரவு முழுவதும் ஊறவிட்டு, இடையிடையே தட்டிக்கொடுத்தால் நன்கு உதவுகின்றன. இது உறுதி. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் சரிபாதி கலந்த கலவைதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துருவின் அளவும் மரையின் நீளமும் ஒவ்வொன்றிலும் வேறுபடும்போது ஒன்றிரண்டு சோதனைகளால் முதலிடம் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தவிர அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். முழுச் சுற்றளவும் இறுகிய செருகலில் எண்ணெய் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் ஐயமே. நான் கழற்றிய பல ஜாயின்ட்டுகளில் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர்வரைதான் ஈரம் இருந்தது, அதற்கு உள்ளே உலர்ந்த துருத்தூள். ஆகவே எண்ணெய் விடுங்கள், ஆனால் அதை நம்பி ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். நெருப்பைத் தொடுவதற்கு முன் அதை முற்றிலும் துடைத்து எடுத்துவிடுங்கள்.

சூடு உண்மையாகவே வேலை செய்கிறது, அதைக் கணக்கிட்டும் காட்டலாம். 35 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு வளையத்தை 150 பாகை சூடேற்றினால் துளை 0.06 மில்லிமீட்டர் அளவு விரியும், அலுமினியமென்றால் 0.12. இறுக்கச் செருகலின் அளவு பொதுவாக ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே என்பதால் இந்த விரிவு அற்பமன்று. ஆனால் எஃகு வளையத்தில் எஃகு ஜாயின்ட் இருக்கும்போது, மெதுவாகச் சூடேற்றினால் இரண்டும் சேர்ந்தே விரிந்து பயன் போய்விடும். பெரிய சுடரால் வளையத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வேகமாகச் சூடாக்கி, சூடு உள்ளே பரவுவதற்குள் அழுத்த வேண்டும். அலுமினியத்தில் இந்த அவசரம் இல்லை. இரண்டும் ஒரே அளவு சூடேறினாலும் அலுமினியம் கூடுதலாக விரிந்து பிடியைத் தளர்த்திவிடும். ஒருமுறை சூடாகி ஆறுவதே துருவின் பிணைப்பில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. முதல் சுற்றில் அசையாதது மூன்றாம் சுற்றில் அசைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு சூடு என்பதில் தயவுசெய்து கவனமாக இருங்கள். எஃகு ஆர்மைச் சிவக்கும்வரை சூடாக்கத் தேவையே இல்லை. குழாயும் வளையமும் சேரும் வெல்டிங் பகுதி அந்தச் சூட்டில் தன் பலத்தை இழக்கலாம். வீட்டில் பயன்படுத்தும் புரொப்பேன் டார்ச் போதும். ஆக்ஸி-அசிட்டிலீன் இந்த வேலைக்கு மிகை. அலுமினியம் உருகும்வரை நிறம் மாறாது என்பதால் கண்ணை நம்ப முடியாது. பளபளப்பான பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானியும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். குறித்த வெப்பநிலையில் உருகும் சுண்ணக்கட்டி போன்ற குச்சிகள் வெல்டிங் கடைகளில் கிடைக்கின்றன; 150 பாகைக் குச்சி ஒன்றை வாங்கி, கோடு உருகியதும் சுடரை எடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்வது உங்கள் உடலைக் காக்க வேண்டியது. பால் ஜாயின்ட் கிரீஸ் நிரப்பி மூடிய ஒரு சிறு கலன். அதை நேராகச் சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கலாம். அதனால் ரப்பர் உறையை முதலில் அறுத்தெடுத்து, கிரீஸைத் துடைத்து, சுடரை ஜாயின்ட்டில் படாமல் வளையத்தில் மட்டும் பிடியுங்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறை எரிந்தால் வரும் புகையை மூச்சில் இழுக்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது. அது சிதைந்து ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயுவைத் தரும். வண்டியிலேயே வைத்துச் சூடாக்கினால் பெட்ரோல் தொட்டி, பிரேக் ஹோஸ், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் எல்லாம் எட்டும் தொலைவில் இருக்கின்றன. ஆகவே ஆர்மை முழுவதும் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதே என் உறுதியான பரிந்துரை. உட்புறத்தில் அது அசைவதற்கு அச்சாக இருக்கும் பிவட் போல்ட்டுகளும், அவற்றைச் சுற்றிய உறையான புஷ்ஷோடு பிடித்திருக்கக்கூடும். அப்படியிருந்தாலும் அந்த உழைப்பு வீண்போகாது, ஏனெனில் பன்னிரண்டு ஆண்டில் அந்த புஷ்களும் தேய்ந்திருக்கும்.

மேசையில் வைத்து அழுத்துவதற்கு 12 அல்லது 20 டன் ஹைட்ராலிக் பிரஸ் தாராளம். இங்கே ஆர்மைக் கெடுப்பது பெரும்பாலும் தாங்கல்தான். ஏடிவியின் ஏ-ஆர்ம் மெல்லிய சுவருள்ள குழாய். குழாயைத் தாங்கவைத்து வளையத்தை அழுத்தினால் குழாய் வளையும். வளையத்தின் முகம் நேரடியாக ஒரு தடித்த குழாய்த் துண்டின்மேல் உட்கார வேண்டும். அந்தத் துண்டின் உள்விட்டம் ஜாயின்ட்டின் விளிம்பைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். கார்களுக்கான இரவல் பிரஸ் பெட்டிகளிலுள்ள தாங்கு கிண்ணங்கள் ஏடிவிக்குப் பெரும்பாலும் பெரியவை. உங்கள் பிரஸ்ஸின் சட்டம் விரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அகன்ற கிண்ணத்தில் விசை சாய்ந்து விழுகிறது. அழுத்தத்தை ஏற்றி நிறுத்தி, வளையத்தைச் சூடாக்கி, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்கள். மானியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, எதுவும் நகரவில்லை என்றால் கைப்பிடியை விட்டுவிட்டு மீண்டும் கிளிப்பையும் விளிம்பையும் பாருங்கள். ஜாயின்ட் எகிறும் நேர்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் வராத ஜாயின்ட்டை வெட்டி எடுப்பதுதான் முறை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டட்டைக் கிரைண்டரால் அறுங்கள். மறுபக்கத்து மூடித் தகட்டின் விளிம்பைத் தேய்த்தெடுத்தால் பந்தும் பிளாஸ்டிக் உறையும் வெளியே விழும். வளையத்துக்குள் வெறும் எஃகுக் கூடு மட்டும் மிஞ்சும். ஹேக்ஸா பிளேடைக் கழற்றித் துளை வழியே நுழைத்துத் திரும்பச் சட்டத்தில் மாட்டி, கூட்டின் சுவரை நீளவாக்கில் அறுங்கள். சுவர் தாளளவு மெலிந்ததும் நிறுத்திவிடுங்கள். வளையத்தில் பல் பட்டுவிடக் கூடாது. பத்து மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள பட்டையைச் சிறிய உளியால் உள்நோக்கி மடக்கினால் கூட்டின் இறுக்கம் அந்த இடத்தில் உடைந்து, மீதி கையால் தட்டினாலே வந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேர வேலை. ஆர்முக்கு ஒரு கீறலும் விழாது. வெல்டிங் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: கூட்டின் உட்சுவரைச் சுற்றி ஒரு வெல்டிங் கோடு போட்டு ஆறவிட்டால், அது சுருங்கிக் கூட்டையும் சுருக்கிவிடும். பேரிங்கின் வெளிவளையம் சிக்கும்போது நாங்கள் செய்வது இதையே. எஃகு வளையத்தில் மட்டும், அதுவும் ஆர்மை வண்டியிலிருந்து கழற்றிய பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள்.

பழையது வந்ததும் மகிழ்ச்சியில் புதியதை அழுத்திவிடாதீர்கள். துளையை மென்மையான எமரித் தாளால் துரு போகும்வரை துடைத்து, வெர்னியர் காலிப்பரால் மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். வட்டம் கோணியிருந்தாலோ, ஆழமான கீறல் இருந்தாலோ, புதிய ஜாயின்ட் கையழுத்தத்திலேயே உள்ளே போனாலோ அந்த ஆர்மின் ஆயுள் முடிந்தது. சிலர் துளையின் சுவரில் பஞ்ச்சால் புள்ளிகள் குத்தி இறுக்கம் உண்டாக்குகிறார்கள், சிலர் இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைக்கிறார்கள், சிலர் பேரிங் பசையை நம்புகிறார்கள். பசை மற்ற இடங்களில் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் ஓட்டத்தில் பிரிந்தால் சக்கரம் மடங்கிவிடக்கூடிய இந்த ஒரு மூட்டில் இவற்றில் எதையும் நான் செய்யமாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன்.

புதிய ஜாயின்ட்டை முந்தைய இரவே உறைபெட்டியில் வைக்கச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் 38 பாகை குறைவில் 35 மில்லிமீட்டர் உடல் 0.016 மில்லிமீட்டர் சுருங்கும்; சிறிய உதவிதான், ஆனால் தீங்கில்லை. வளையத்தை நூறு பாகைவரை இதமாகச் சூடாக்குவது அதைவிடப் பெரிய உதவி. அது ரப்பர் உறையைக் கருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்தோ ஸ்டட்டிலிருந்தோ தள்ளாமல், உடலின் வெளிவிளிம்பில் உட்காரும் குழாயால் அழுத்துங்கள். கோணலாக நுழையத் தொடங்கினால் உடனே வெளியே எடுத்து மீண்டும் தொடங்குங்கள். விளிம்பு முழுச் சுற்றும் முகத்தில் உட்கார்ந்த பிறகு புதிய சர்க்ளிப் காடியில் விழுந்து சுழல்கிறதா என்று பாருங்கள். அது காடியில் விழவில்லையென்றால் ஜாயின்ட் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கூம்புப் பரப்பில் கிரீஸோ, உலோகங்கள் இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையோ தடவலாமா என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த முறை எளிதாகக் கழலும் என்பது ஒரு தரப்பின் வாதம். நான் உலர்ந்தும் சுத்தமாகவும்தான் மாட்டுகிறேன். கிரீஸ் இருந்தால் அதே இறுக்கத்தில் கூம்பு கூடுதல் ஆழம் போய் நக்கிளின் துளையை விரிக்கும் என்பதே என் காரணம். நட்டை இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது, அதை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். நான் ஓர் எண்ணைச் சொல்வது பொறுப்பாகாது. அந்த அளவுக்கு இறுக்கியபின் காட்டர் பின்னின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கம்பி ஊசி) துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள். பழைய காட்டர் பின்னைத் திரும்ப மாட்ட வேண்டாம்.

வொர்க்‌ஷாப்பா என்ற உங்கள் கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும். இடது பக்கத்தை ஒரு புல்லர் இருந்தால் நீங்களே முடிக்கலாம். வலது பக்கத்தில் கிளிப்பும் திசையும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், ஆர்மை மட்டும் கழற்றிப் புதிய ஜாயின்ட்டோடு ஒரு மெஷின் ஷாப்பில் கொடுங்கள். வண்டியையே ஏற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. பிரஸ்ஸில் அது சிறிது நேர வேலை. ஆனால் வளையத்தைச் சுற்றியுள்ள வெல்டிங்கில் துரு செதிளாக உரிந்து வருகிறதென்றால் எதையும் அழுத்த வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கு அது தெளிவாகத் தெரியவில்லை, நேரில் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். அந்த நிலையில் புதிய ஜாயின்ட்டோடு வரும் முழு ஆர்மை வாங்குவதே சரியான செலவு.

எல்லாம் மாட்டிய பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் மிஞ்சியிருந்தால் ஒருவரை முன்பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் மிச்சக் குறை ஹப் பேரிங்கில் இருக்கிறது, பால் ஜாயின்ட்டில் இல்லை. ஸ்டீரிங்கை இரு கோடிவரை திருப்பி ரப்பர் உறை எங்கும் உரசவில்லை என்றும் பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும், சேறு காய்வதற்குள், நட்டையும் சர்க்ளிப்பையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.